ஏலகிரிக் கற்கோடரிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஏலகிரி மலையில் ஒரு சிறு கோயிலில் வழுவழுப்பான கற்கோடரிகளை வைத்துக் கும்பிடுவதைப் பார்த்தேன். புதிய கற்காலத்தவை என்றார்கள். இரும்பே இல்லாத காலத்தில் இவ்வளவு கடினமான கல்லை எப்படி இழைத்தார்கள்? மூலிகைச் சாறு ஊற்றிக் கல்லை இளக்கினார்கள் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

கதிர், ஆம்பூர்

அன்புள்ள கதிர்,

மூலிகைச் சாற்றை விட்டுவிடுங்கள். இரும்பு இருந்திருந்தால் சுலபம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா, அதுவே சரியில்லை. எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடக் கூடக் கடினம்) வெறும் இரும்பு 4 சொச்சம்தான். கோடரிக்கு அதிகம் பயன்பட்ட டோலரைட் என்ற கருங்கல் வகையின் முக்கியக் கனிமங்கள் 5-லிருந்து 6.5 வரை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. இரும்பு தோற்கும் இடத்தில் ஆற்றுமணல் அராவிவிடும்.

பெல்லாரி அருகே சங்கனகல்லில் இந்த வேலையின் எல்லாக் கட்டங்களும் கிடைத்திருக்கின்றன. அங்கே ஹிரேகுட்டா குன்றில் கிரானைட்டுக்கு நடுவே டோலரைட் கருப்புப் பட்டையாக ஓடுகிறது. கி.மு. 1400–1200 வாக்கில் கோடரி செய்வது அங்கே பெரிய தொழில். முதலில் உருண்டைக் கல்லால் அடித்துச் செதில் செதிலாகப் பெயர்ப்பார்கள். மேடுபள்ளம் மிஞ்சும். மேலும் அடித்தால் கோடரி இரண்டாக உடையலாம். ஆகவே, அம்மி கொத்துவது போலப் புள்ளி புள்ளியாகக் கொத்தி மேட்டைப் பொடியாக்குவார்கள். உளிக்குப் பதில் இன்னொரு கல். அப்புறம் கிரானைட் பாறையில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. கிரானைட்டிலேயே குவார்ட்ஸ் உண்டு, பாறையே அரம். தேய்த்துத் தேய்த்துப் பாறையில் விழுந்த பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன.

பல கோடரிகளில் வாய்ப்பகுதியை மட்டும்தான் தீட்டியிருப்பார்கள். செதில் தழும்பு இருந்தால் மரத்தில் வெட்டும்போது அங்கிருந்து விரிசல் ஓடும். வழவழப்பான வாய் நின்று உழைக்கும், மழுங்கினால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். உடம்பு முழுக்கப் பளபளக்கும் கோடரிகளுக்கு அந்த அவசியம் இல்லை. அது செய்தவனின் செருக்கு என்பேன்.

சூதுபவளம் என்ற செந்நிற மணிக்கல்லில் மட்டும் இந்த மணல் உபாயம் பெரிதாகப் பலிக்காது, அதுவும் குவார்ட்ஸ் இனம். ஹரப்பாக்காரர்கள் நீண்ட சூதுபவள மணிகளைத் துளைக்க எர்னஸ்டைட் என்று இப்போது அழைக்கப்படும் தனிக் கல்லில் துரப்பணம் செய்தார்கள். பரிசோதனையில் அது துளைத்தது ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மி.மீ.

சென்னை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகம் போங்கள். கற்காலக் கருவிகளைத் தேடிச் சேர்த்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1904-ல் விற்ற சேகரிப்பு அங்கே இருக்கிறது. கோடரியின் பின்பக்கத்தைப் பாருங்கள், கொத்திய புள்ளிகள் அங்கேதான் மிஞ்சியிருக்கும். பிடியில் வழுக்காமல் நிற்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.