2025 ப்ரோ பவுலுக்கு டிக்கெட் போடலாமான்னு கேட்ட தம்பிக்கு அப்போ எழுதுனது

ஆர்லாண்டோ வந்து மூணு மாசம்தான் ஆகுது, அமெரிக்கன் ஃபுட்பால் ஒண்ணும் புரியல, ஆனா என்எஃப்எல் லீக்கோட சிறந்த ஆட்டக்காரங்க சேந்து ஆடுற ஆல் ஸ்டார் மேட்ச், இந்த ப்ரோ பவுலே நம்ம ஊர்ல நடக்குதேன்னு பொண்டாட்டி, ஆறு வயசு பையனோட போலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போங்க தம்பி, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி பெரிய மேட்ச்னு நெனச்சு போகாதீங்க.

முன்னாடி நிஜ மேட்ச்தான் ஆடுனாங்க, ரொம்ப வருஷம் ஹவாய்லதான் நடந்துச்சு. சீசன் முடிஞ்ச நேரத்துல கை கால உடைச்சுக்க எவனுக்கு மனசு வரும், அதனால யாரும் யாரையும் ஒழுங்கா டாக்கிள் பண்றதில்ல, அதாவது பந்து வச்சிருக்கவன புடிச்சு கீழ தள்ளுறதில்ல, 2012ல ஸ்கோர் 59-41, அந்த ஹவாய் கூட்டமே கூச்சல் போட்டு கிண்டல் பண்ணிச்சு. 2023லேர்ந்து டாக்கிளே வேணாம்னு ஃப்ளாக் ஃபுட்பால் ஆக்கிட்டாங்க. இடுப்புல துணிப்பட்டை தொங்கும், பந்து வச்சிருக்கவன்கிட்டேர்ந்து அத உருவிட்டா அந்த ஆட்டம் அதோட நின்னுரும். சைடுக்கு ஏழு பேரு, மைதானமும் 50 கெஜம்தான், அதனால ரூல் தெரியலன்னாலும் பாத்த உடனே புரிஞ்சிரும், பையனுக்கு ஜாலியா இருக்கும். 2024ல கயிறு இழுக்குற போட்டி வேற வச்சாங்க, கிட்டத்தட்ட நம்மூர் பொங்கல் விளையாட்டு விழாதான் போங்க.

லீக்குல ஏஎஃப்சி, என்எஃப்சின்னு ரெண்டு பிரிவு, ப்ரோ பவுல்ல இந்த ரெண்டும்தான் மோதும். 2023, 2024 மாதிரியே 2025லயும் முன்னாள் பிளேயருங்க அண்ணன் பேட்டன் மேனிங் ஏஎஃப்சிக்கு கோச், தம்பி ஈலை மேனிங் என்எஃப்சிக்கு. 2023, 2024 ரெண்டு தடவையும் தம்பி பக்கம்தான் ஜெயிச்சுது, ஆபீஸ்ல இத எடுத்து விடுங்க, பேச்சு தானா ஓடும்.

இன்னொண்ணு, லீக்கோட ஃபைனல் மேட்ச் சூப்பர் பவுலுக்கு போன டீம் ஆளுங்க இதுக்கு வரமாட்டாங்க. ஸ்டார் பிளேயர் சாக்வான் பார்க்லிய நேர்ல பாத்துரலாம்னு ஆசப்படாதீங்க, அவரோட டீம் ஈகிள்ஸ் 2025 சூப்பர் பவுல் ஆட நியூ ஆர்லியன்ஸ் போகுதுல்ல. மேட்ச்ச யாரும் பெருசா மதிக்கிறதில்ல, ஆனா செலக்ட் ஆகுறது பெரிய கௌரவம், ரசிகர் ஓட்டு, பிளேயர் ஓட்டு, கோச் ஓட்டு மூணையும் சரிசமமா எடுத்துக்குறாங்க, நிறைய பேருக்கு காண்ட்ராக்ட்லயே இதுக்கு போனஸ் இருக்கும்.

மேட்ச் 2025 பிப்ரவரி 2 ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு, தொப்பி எடுத்துக்கோங்க. பெரிய ஹேண்ட்பேக், ஸ்கூல் பேக் எல்லாம் உள்ள விடமாட்டாங்க, உள்ள இருக்கறது வெளிய தெரியற ப்ளாஸ்டிக் பைதான், அதுவும் 12க்கு 6க்கு 12 இஞ்சுக்குள்ள. கேட்டுல நின்னு திரும்ப கார் வரைக்கும் நடக்கறவங்கள எல்லா வருஷமும் பாக்குறேன். சாப்பாட்ட வீட்லயே முடிச்சிருங்க, உள்ள விக்கிற விலை வயிறு எரியும்.

நிஜமாவே இந்த ஆட்டத்த புரிஞ்சுக்கணும்னா ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பொறுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி பக்கத்து ஹைஸ்கூல் மேட்சுக்கு போய் உக்காருங்க, டிக்கெட்டும் கம்மி, பக்கத்துல உக்காந்திருக்கற அப்பா யாராச்சும் கேக்காமலே ரூல் சொல்லித் தருவாரு. அது பிடிச்சிருந்தா அப்புறம் டாம்பாவுக்கு போய் அந்த ஊர் என்எஃப்எல் டீம் பக்கனியர்ஸ் மேட்ச் பாக்கலாம், போற வழியில ஐ-4 ஹைவேல ட்ராஃபிக் மட்டும் பாத்துக்கோங்க.