தாளாளர் சொன்னாலும் தகுதித் தேர்வு வேண்டும்

கேள்வி: கணிதத்தில் இளங்கலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றிருக்கிறேன், வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்திருக்கிறேன். எங்கள் ஊர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளது. "முதலில் சேருங்கள், டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்கிறார் தாளாளர். சேரலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சேர வேண்டாம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம் என்றாலும் சம்பளம் தருவது அரசு. கல்வித் துறை நியமன ஒப்புதல் அளித்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். ஒப்புதலுக்காகச் சம்பளமின்றிக் காத்திருந்து உயர் நீதிமன்றப் படியேறிய ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் பலர். அவர்களில் எத்தனை பேருக்கு இதே வாக்குறுதி தரப்பட்டதோ!

கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதிகளுள் ஒன்றாக்கியது. தமிழ்நாடு அரசு 2011 நவம்பரில் அதனை ஏற்று, தேர்வு நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் ஒப்படைத்தது.

தாளாளர் உங்களிடம் சொல்லாத இன்னொரு தடையும் இருக்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்க பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், தொடக்கக் கல்விப் பட்டயம் இல்லாத நீங்கள் எந்தத் தேர்வில் தேறினாலும் இந்தப் பணியிடம் உங்களுக்குரியதாகாது. உங்களுக்குப் பொருந்துவது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான தகுதித் தேர்வின் இரண்டாம் தாள்தான். மொத்த மதிப்பெண் 150. பொதுப் பிரிவினர் 90 பெற வேண்டும், மற்றப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முன்பு 7 ஆண்டுகளாக இருந்த சான்றிதழின் செல்லுபடிக் காலம் 2021 முதல் வாழ்நாள் முழுமைக்குமாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, மருத்துவர்கள் மருத்துவ மன்றத்தில் செய்துகொள்ளும் பதிவைப் போன்றதன்று. அது வேலை தேடுவோர் பட்டியல் மட்டுமே, தகுதிச் சான்றாகாது.

கேள்வி: 1998 முதல் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். 2029இல் ஓய்வு பெறுவேன். நானும் டெட் எழுத வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அன்றைய நிலையில் ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்வில் தேறாமலே ஓய்வு வரை பணியில் தொடரலாம்; நீங்கள் அந்தப் பிரிவில் வருகிறீர்கள். ஆனால் தலைமை ஆசிரியர் பதவி உயர்வை எதிர்பார்த்தால் எழுதித்தான் ஆக வேண்டும். அன்று ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருந்த சக ஆசிரியர்களுக்கு 2 ஆண்டு அவகாசமே தரப்பட்டது. உங்களுடையது சிறுபான்மையினர் பள்ளியாக இருந்தால், இந்த நிபந்தனை அத்தகைய பள்ளிகளுக்குப் பொருந்துமா என்னும் கேள்வியை அதே தீர்ப்பு கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியிருப்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.