வெள்ளிக்கிழமை பரிசம்: எந்த ஊர் ராகு காலம் பார்ப்பது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை மகளுக்குப் பரிசம். மண்டபம் காலை 10 முதல் 1 வரை. தமிழ்நாட்டுக் காலண்டரில் 10.30 முதல் 12 வரை ராகு காலம், 9.20க்கே அஷ்டமி பிறந்துவிடுகிறது. மண்டபம் பிடித்துக் கொடுத்தவர் 12.15க்கு வைக்கச் சொல்லி, பரிகாரத்துக்கு 350 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் குறித்துக் கொடுத்த 12.15தான் உங்கள் ஊரில் அசல் ராகு காலம்!

பகல்பொழுதை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கு நாலாவது பங்கு. காலண்டரில் உள்ள 10.30, சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு விடிவதே ஏழு, ஏழேகாலுக்கு. 7.15க்கு உதயம் என்றால் 11.45 முதல் 1.15 வரை ராகு காலம். உதய நேரம் தெரிய யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்; தொழுகை நேர அட்டவணையில் ‘சியுருக்’ என்று போட்டிருப்பது அதுதான். எமகண்டம், குளிகைக்கும் இதே வழி.

திதிக்கு இந்தக் கணக்கு ஆகாது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. அது எல்லா ஊரிலும் ஒரே நொடியில்தான் மாறும், கடிகாரம்தான் வேறு. இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டுங்கள்: அஷ்டமி இங்கே 11.50க்கு. “ரெண்டு மணி கூட்டினா போதும்” என்பார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். அது 1982க்கு முந்தைய கணக்கு. அந்த ஆண்டு பிறந்தபோது மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவிட்டார்கள்.

வீட்டில் யாராவது பழைய பஞ்சாங்கத்தைப் பிரித்தால்தான் வம்பு. அதில் மணி இருக்காது, ‘சப்தமி நாழிகை 8’ என்றிருக்கும்; உதயத்திலிருந்து எட்டு நாழிகை வரை சப்தமி, அப்புறம் அஷ்டமி என்று பொருள். நாழிகைக்கு 24 நிமிடம். எட்டுக்கு 3 மணி 12 நிமிடம். இதை நம் ஊர் உதயத்தோடு கூட்டி, 10.27க்கே அஷ்டமி வந்துவிட்டது என்று பயமுறுத்துவார்கள். தப்பு. அந்த நாழிகை பஞ்சாங்கம் கணித்த ஊரின் உதயத்திலிருந்து ஓடுவது. அங்கே 6.08க்கு உதயம் என்றால் முதலில் 9.20; அதற்கப்புறம் இரண்டரை கூட்டினால் 11.50. முதலில் அந்த ஊர் மணி, பிறகு நம் ஊர் மணி. மாற்றிச் செய்தால் ஒன்றேகால் மணிக்கு மேல் பிசகும்.

இவ்வளவு குழப்பமும் ஒரே ஒரு வரி இல்லாததால். நகைக்கடையும் மளிகைக்கடையும் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரில் எந்த ஊர் நேரம் என்று அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? கோவில் நிர்வாகங்களும் கேட்பதில்லை. ஆளுக்கொரு நேரத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இடையில் புகுந்த தரகருக்கு இது வருமானம்.

மாப்பிள்ளை வீட்டாரை மண்டபம் திறக்கும்போதே வரச் சொல்லுங்கள். 10.30க்குத் தட்டு மாற்றினால் 11.30க்குள் எல்லாம் முடிந்துவிடும். 12 மணிக்குப் பந்தி போடலாம். சாப்பாட்டுக்கு யாரும் ராகு காலம் பார்ப்பதில்லை.