'ஆண்களுக்கு' என்று அட்டையில் எழுதியிருந்தால்

கேள்வி: ஆண்களைப் பற்றிய படங்கள், குறும்படங்கள், ஆண்களுக்கென்றே வரும் பொருட்கள், இவற்றில் உங்கள் மனதில் நின்றவை எவை?

காரைக்குடி செக்காலை ரோட்டில் எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். அப்பா ஆரம்பித்தது, இருபது வருடமாக நான் பார்க்கிறேன். வளையல், பொட்டு, சோப்பு, சீப்பு, ரேசர், ஹேர் டை எல்லாம் உண்டு. படம் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அதில் வரும் அலமாரிக்குத்தான்.

படம் என்றதும் காரைக்குடிக்காரன் ஏவி.எம்.மில் ஆரம்பிப்பான். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 'நாம் இருவர்' எடுத்து 1947-ல் வெளியிட்ட கதையை இங்கே டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குள் போனால் உங்கள் கேள்விக்குத் திரும்பி வர முடியாது, விட்டுவிடுகிறேன்.

எனக்கு உடனே ஞாபகம் வருவது மலையாளப் படமான 'கும்பளங்கி நைட்ஸ்'. 2019-ல் வந்தது. ஃபகத் ஃபாசில் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்குவார். கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். வீட்டுப் பெண் குளிக்கப் போகும்போது ஒட்டிவைப்பதுதானே, எல்லா வீட்டிலும் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் முகத்தை ரசித்தபடி "ரேமண்ட், தி கம்ப்ளீட் மேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த ஒரு இடத்திலேயே ஆளைப் பற்றி ஒரு பயம் வந்துவிடும். ரேமண்ட் துணிக்கு வந்த அந்தக் கால விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் வரும் மனிதர் ரொம்ப மென்மையானவர். குழந்தையைத் தூக்குவார், நாய்க்குட்டியோடு விளையாடுவார். இந்த ஆளிடம் அந்த வாசகம் மட்டும் தங்கியிருக்கிறது. என் கடையில் பொட்டு அட்டையும் ரேசரும் அடுத்தடுத்த தட்டில்தான் தொங்கும். அந்தப் படம் பார்த்ததிலிருந்து இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிதான்.

பொருளில் நான் ரொம்ப மதிப்பது ஜில்லெட் கார்ட் என்ற சின்ன ரேசரை. 2010-ல் வந்தபோது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அது வந்த கதைதான் விசேஷம். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனி இந்தியர்களுக்கென்று ஒரு ரேசர் செய்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே கொண்டுவந்து விற்றால் பிளேடில் முடி அடைத்துக்கொண்டது. அந்தப் பையன்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், ரேசரைக் காட்டினால் முடி போய்விடும். நம் ஆட்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. அப்புறம்தான் ஆட்களை அனுப்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எப்படிச் சவரம் செய்கிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து, மங்கல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, நாலைந்து நாள் தாடியை எடுக்கிறார்கள். அதற்கேற்ற மாதிரி ஒற்றை பிளேடு, வெட்டுப்படாமல் இருக்க முன்னால் சீப்பு மாதிரி பல், டம்ளரில் முக்கி அலசினாலே முடி போகும்படி அகலமான இடைவெளி, ஆணியில் மாட்ட கைப்பிடியில் ஓர் ஓட்டை.

அந்த ஓட்டையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ஞாபகம் வந்தார். கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சின்ன வயதில் அவரோடு அந்த வீட்டுக்குப் போவேன். முகப்பில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி இருக்கும். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் முதல் எங்கள் ஐயா வரை யாரும் அதன் முன்னால் நின்று சவரம் செய்து நான் பார்த்ததில்லை. எல்லாம் பின்கட்டுத் தாழ்வாரத்தில், தூணில் அடித்த ஆணியில் தொங்கும் கைக்கண்ணாடியில்தான். தேய்ந்த பிளேடை ஐயா தூக்கிப் போட மாட்டார். கண்ணாடி டம்ளரின் உள்பக்கத்தில் வைத்து விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்ப்பார், இன்னும் நாலு தடவைக்கு வரும். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து ஓர் இழுப்பு. ஆஃப்டர் ஷேவ் என்று நான் பாட்டிலில் விற்பதன் வேலையில் பாதியை அந்தக் கட்டி செய்தது, வாசனை மட்டும் இல்லை.

இனி கொஞ்சம் கடை ரகசியம். ஆண்கள் பொருள் வாங்குவதில் பாதி, ஒளிப்பதுதான். முகத்துக்கு வெள்ளைப் பூச்சுக் கிரீம் வாங்கும் பையன்கள் முன்பெல்லாம் "அக்காவுக்கு" என்பார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-லிருந்து இருக்கிறது, அதை ஆண்களும் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள். 2005-ல் இமாமி கம்பெனி ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்று ஆண்களுக்குத் தனியாகக் கொண்டுவந்தது. ஷாருக் கான் விளம்பரத்தில் வந்து, பெண்கள் கிரீமைத் திருட்டுத்தனமாகப் பூசும் பையனைக் கேலி செய்தார். அதன் பிறகு அக்காக்கள் திடீரென்று குறைந்துவிட்டார்கள். டியூபுக்குள் இருப்பதில் எவ்வளவு வித்தியாசமோ, அட்டையில் இருந்த வார்த்தைதான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. நானும் சாமான் மடித்துக் கொடுக்கிறவன்தான், எனக்கு அது ஒரு மடிப்புக் காகிதம் மாதிரிதான் தெரிகிறது. நிறத்தை விற்கிற அந்தச் சரக்கே எனக்குப் பிடிக்காது, ஆனாலும் விற்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் லவ்லி கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. எங்கள் கவுண்டரில் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

ஹேர் டை கதையும் இதேதான். கொப்புடையம்மன் திருவிழா வரும் வாரமும் தை மாதக் கல்யாணங்களின்போதும் டை பாக்கெட் சரசரவென்று போகும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். "வீட்டில் கேட்டாங்க" என்பார்கள். மீசைக்குப் பூச வீட்டில் எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

வேட்டியையும் இதில் சேர்க்கலாம். 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விடவில்லை. அதே வருடம் அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஊரே வேட்டியின் பெருமை பேசியது. ஆனால் பக்கத்து ஜவுளிக்கடையில் கேளுங்கள், இளவட்டங்கள் கேட்பது ஒட்டிக்கொள்ளும் வேட்டிதான். அதற்கு மேல் பெல்ட்டைப் போட்டு ஒட்டு தெரியாமல் மறைத்துக்கொள்வார்கள்.

சின்ன வீடியோக்களில் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. தொல்லையை முதலில் சொல்கிறேன். என் அக்கா மகன் போனில் ஏதோ வீடியோ பார்த்துத் தாடி வளரும் எண்ணெய் ஒன்றை வரவழைத்தான். "மாமா, நாப்பதே நாள்" என்றான். நாலாவது நாளே கன்னம் முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. அப்புறம் மினாக்சிடில் வேண்டும் என்று வந்து நின்றான். அது முதலில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள் என்று விளக்கி, தோல் டாக்டரிடம் அனுப்பினேன். போனானா என்று கேட்காதீர்கள்.

நல்லது என்றால் ஜில்லெட் 2019-ல் வெளியிட்ட சலூன் பெண்கள் வீடியோ. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்தில் அப்பா நோயில் படுத்ததும், இரண்டு மகள்கள் தலைமுடியைக் கத்தரித்து, ஆண் பெயர் வைத்துக்கொண்டு அவருடைய சவரக் கடையை நடத்தினார்கள். பிறகு சச்சின் டெண்டுல்கர் அவர்களிடம் சவரம் செய்துகொண்டார், அதுவரை வேறு யாரிடமும் செய்துகொண்டதில்லை என்று அவரே எழுதினார். எதிர் சலூனில் இதைப் போட்டுக் காட்டினேன். கத்தியும் கையுமாக இருந்த கடைக்காரர் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை கத்தி பிடிக்கிற பிடி சரியா இருக்கு" என்றார். நாற்காலியில் இருந்தவர் மட்டும், "இங்க பொம்பளப் பிள்ள வந்தா நான் கோட்டையூர் போயிருவேன்" என்றார்.

ஆனால் என்னைக் கேட்டால், ஆண்கள் பார்க்க வேண்டிய குறும்படம் 2019-ல் ஆஸ்கர் வாங்கிய 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்'. மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டால், அதில் ஓர் இளைஞர் ஏதோ நோய் என்பார், அதுவும் சாதாரணமாக. அதில் வரும் நாப்கின் மெஷின் நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் செய்தது. மனைவி பழந்துணியை ஒளித்து வைப்பதைப் பார்த்து ஆரம்பித்தவர். யாரும் சோதித்துச் சொல்லாததால், ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தார். ஊர் பைத்தியம் என்றது, வீட்டில் இருந்தவர்களே விட்டுப் போனார்கள். இவர் கதையைத்தான் அக்ஷய் குமார் 'பேட்மேன்' என்று 2018-ல் படமாக நடித்தார். படம் கொஞ்சம் பிரசங்கமாகப் போகும், முருகானந்தமே பேசும் வீடியோக்கள் அதைவிடச் சிரிப்பாகவும் சுருக்கமாகவும் இருக்கும்.

எங்கள் கடையில் நாப்கினைத் தினத்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பது அப்பா காலத்துப் பழக்கம். போன மாதம் பள்ளத்தூரிலிருந்து வழக்கமாக வருபவர், வயது ஐம்பது இருக்கும், மகளுக்கென்று ஒரு பாக்கெட் கேட்டார். கை பாட்டுக்குப் பேப்பரைக் கிழித்தது. "பேப்பர் எல்லாம் எதுக்குண்ணே, அப்படியே குடுங்க, வண்டில மாட்டிக்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்னால் இரண்டு பெண்கள் நிற்பதைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அந்தக் கறுப்பு டை ஒண்ணு. அதை மட்டும் பேப்பர்ல மடிச்சுக் குடுங்க" என்றார்.