கொழுப்பு அமிலம் கொண்டுவரும் சேதி: கேள்வி பதில்

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசோல் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொலஸ்டிராலில் இருந்துதானே உருவாகின்றன? கொழுப்பு அமிலத்துக்கு அங்கே என்ன வேலை?

பதில்: மூலப்பொருள் கொலஸ்டிரால்தான். ஆனால் அது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முதல் நொதி அதை வெட்ட முடியும். 27 கார்பன் உள்ள மூலக்கூறு 21 கார்பன் உள்ள பிரெக்னெனோலோன் ஆகும். வெளிச்சவ்விலிருந்து உள்சவ்வுக்குப் போவதுதான் பெரும்பாடு. அதற்கு வழிவிடும் 'ஸ்டார்' புரதத்தை 1994இல் பார்பரா கிளார்க், டக்ளஸ் ஸ்டாக்கோ குழு சுண்டெலியின் லேடிக் செல்களில் (விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள்) உண்டான கட்டியின் செல்களில் அடையாளம் கண்டது. ஸ்டார் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: ஸ்டாரைக் கூட்ட, செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு போதும் என்றுதான் கல்லூரியில் படித்தேன்.

பதில்: அது பாதிக் கதை. பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களான எல்ஹெச் விந்தகத்திலோ, ஏசிடிஹெச் அட்ரீனல் சுரப்பியிலோ வந்து ஒட்டியதும் சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. கூடவே அராக்கிடோனிக் அமிலமும் விடுபடுகிறது. லேடிக் செல்களில் அதை விடுவிக்கும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். சைக்ளிக் ஏஎம்பி கொடுத்தும் ஸ்டார் குறைந்தது, ஹார்மோனும் குறைந்தது. அப்புறம் அந்த அமிலத்தை மட்டும் வெளியிலிருந்து சேர்த்ததும் இரண்டும் மீண்டன. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இரண்டு சேதியும் சேர்ந்து வந்தால்தான் செல் முழுமூச்சாக இறங்குகிறது என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

எர்னஸ்டோ பொடெஸ்டாவின் அர்ஜென்டினா குழு இன்னொரு பாதையையும் காட்டியது: ஏசிஎஸ்எல்4 நொதி இந்த அமிலத்தைக் கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறுடன் கோக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவில் ஏகாட்2 (ACOT2) என்ற நொதி அதைப் பிரித்து அங்கேயே விடுகிறது.

கேள்வி: அப்படியென்றால் இந்த அமிலம் எப்போதும் ஹார்மோனைக் கூட்டுமா?

பதில்: இல்லை. லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியின் கையில் சிக்கினால் வரும் பொருள்கள் ஸ்டாரைக் கூட்டுகின்றன. காக்ஸ்-2 என்ற இன்னொரு நொதியின் வழியில் போனால் ஸ்டார் அடங்குகிறது. வயதான எலிகளுக்குக் காக்ஸ்-2 தடுப்பான் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததாக 2005இல் வெளியான ஆய்வு சொன்னது. காக்ஸ்-2ஐத் தடுக்கும் வலி மாத்திரைகள் உண்டு, அதற்காக யாரும் அவற்றை விழுங்க வேண்டாம். இது எலியில் பார்த்தது. வயிறும் சிறுநீரகமும் உங்களுடையவை.

கேள்வி: முட்டை, இறைச்சி நிறையச் சாப்பிட்டால்?

பதில்: உணவில் வரும் அராக்கிடோனிக் அமிலத்தில் பெரும்பகுதி செல் சவ்வின் பாஸ்போலிப்பிடில் (சவ்வை ஆக்கும் கொழுப்புப் பொருள்) போய் அடங்கிவிடும். எப்போது விடுவிப்பது என்பதைத் தட்டு முடிவு செய்வதில்லை, ஹார்மோன் சமிக்ஞைதான் முடிவு செய்கிறது.

கேள்வி: ஸ்டார் வேலை செய்யாவிட்டால்?

பதில்: லிப்பாய்டு அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற பிறவி நோய் வரும். கொலஸ்டிரால் உள்ளே போக வழியின்றி அட்ரீனல் செல்களிலேயே தேங்கி, அவற்றைப் பாழாக்கும். கார்ட்டிசோலும் ஆல்டோஸ்டிரோனும் கிடைக்காமல் பச்சைக் குழந்தை உப்பிழந்து துவண்டுபோகும். சீக்கிரம் கண்டுபிடித்து அந்த ஹார்மோன்களுக்கு ஈடான மருந்தை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தால் பிள்ளை பிழைத்து வளரும்.