‘நெக்ஸ்ட்’ பட்டனை அமுக்கிவிட்டால் பயிற்சி முடிந்ததா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இனி ஊழியர் பயிற்சி எல்லாமே ஆன்லைனில்தான் என்று மேலிடம் சொல்கிறது. எனக்கு ஒப்பவில்லை. நேர்வகுப்புதான் சிறந்தது என்று காட்ட ஆய்வு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் மேடம். அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.

பதில்: அந்த வாதத்தோடு போனால் கூட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடமே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். ஆய்வுகள் உங்கள் பக்கம் இல்லை. டிரேசி சிட்ஸ்மன் குழுவினர் 96 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். விதிகள், விவரங்கள் போன்ற தகவல் அறிவில் இணையவழிப் பயிற்சி 6 சதவீதம் முன்னால் நின்றது. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரிந்திருக்கும் செய்முறை அறிவில் இரண்டும் சமம். இரண்டிலும் ஒரே கற்பிக்கும் முறையைக் கையாண்டபோது அந்த 6 சதவீதமும் காணாமல் போனது. அமெரிக்கக் கல்வித் துறை 2010-ல் வெளியிட்ட தொகுப்பாய்விலும் இணையவழிக்கே சற்றுக் கூடுதல் மதிப்பெண். ஆனால் அதில் படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடமும் கிடைத்திருந்தன. ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியாளர் 1983-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மளிகை ஏற்றிவரும் லாரியை மாற்றினால் சாப்பிடுகிறவருக்குச் சத்து கூடிவிடாது.

அதனால் ‘அறையா, திரையா’ என்று மோதாதீர்கள். உங்கள் பயிற்சிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இது முடிந்ததும் ஊழியர் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதுங்கள். ‘தெரிந்துகொள்ள வேண்டும்’ என்று வருவதையெல்லாம் தாராளமாக ஆன்லைனுக்குக் கொடுத்துவிடுங்கள். விடுப்பு விதியைப் படித்துக் காட்ட ஐம்பது பேரை ஓர் அறையில் அடைப்பது எனக்கு எப்போதுமே எரிச்சல்.

கை வேலை வரும் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தீயணைப்பான் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எல்லோரும் மவுஸால் அதன் பாதுகாப்பு ஊசியை, அதாவது பின்னை, இழுப்பார்கள். எல்லோருக்கும் பச்சை டிக் விழும். நிஜ சிலிண்டரைக் கையில் கொடுங்கள். பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னை இழுப்பார்கள். இறுக்கினால் பின் சிக்கிக்கொள்ளும், வராது. ‘பிடியை விடுங்க, அப்புறம் இழுங்க’ என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னதும் சடக்கென்று வந்துவிடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நேர்வகுப்பு வேண்டும். முதலுதவியும் அப்படித்தான். மார்பு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பதை வீடியோவில் மனப்பாடம் செய்துவிடலாம். 5 செ.மீ. அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பொம்மை மேல் கை வைத்தால்தான் உடம்பு ஒப்புக்கொள்ளும்.

பாடத்தைத் திரையில் முடித்து, செய்முறைக்கு மட்டும் ஆட்களைக் கூப்பிடும் கலப்பு முறையைக் கேளுங்கள். செலவு மிச்சம் என்று மேலிடமும் முகம் சுளிக்காது. 

கேள்வி: கட்டாயப் பயிற்சி வீடியோவை ஒலி இல்லாமல் ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் என் வேலையைப் பார்க்கிறேன். கடைசித் தேர்வில் 90 மதிப்பெண் வந்துவிடுகிறது. இதில் என்ன தவறு?

பதில்: உங்களை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலை நேரத்தில் பயிற்சிக்கென்று அரை மணி நேரம்கூட ஒதுக்காமல் ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு’ என்று மெயில் அனுப்புகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தவறினால் உடனே மறுபடி எழுதலாம், சரியான விடை வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் என்றால் 90 வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, அந்த 90 இன்றைக்கு வந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன் நினைவாற்றலையே சோதித்து 1885-ல் வெளியிட்ட நாளிலிருந்து, படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே உதிர்ந்துவிடும் என்பது தெரிந்த விஷயம். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் செய்த சோதனை இன்னும் சுவையானது. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். திரும்பப் படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். ஆகவே அடுத்த வாரம் விடைத்தாள் எதையும் பாராமல், அந்தப் பயிற்சியில் என்ன இருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நான்கு வரி தேறினால் எனக்குக் கடிதம் போடுங்கள்.

கேள்வி: பல வருடங்களாக வகுப்பறையில் பயிற்சி அளித்தவன் நான். ஆன்லைனில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது.

பதில்: வகுப்பறையில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? மதியத்துக்கு மேல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள் பின்வரிசையில் இருக்கத்தான் செய்தார்கள். முகம் தெரிந்ததால் நமக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

கேமராவுக்காகச் சண்டை போடாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு, ‘எல்லோரும் சாட்டில் பதிலை டைப் செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். முப்பது விநாடி கழித்து ‘இப்போது அனுப்புங்கள்’ என்றால் பதில்கள் மளமளவென்று விழும். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது. யார் எங்கே குழம்பியிருக்கிறார் என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். வகுப்பறையில் கை தூக்கும் அதே மூன்று பேரைத் தாண்டி இவ்வளவு தெரிந்திருக்காது. கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பது போன்ற பாடங்களுக்கு, இணையக் கூட்டத்துக்குள்ளேயே மூன்று மூன்று பேராகத் தனி அறைகளில் பிரித்துவிடுங்கள்: ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் ஊழியர், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பவர். முழுநாள் வகுப்பை அப்படியே இணையத்தில் ஓட்டாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் நானே வெளியேறிவிடுவேன்.

கேள்வி: எங்கள் எல்.எம்.எஸ். (ஆன்லைன் பயிற்சியை நடத்திக் கணக்கு வைக்கும் மென்பொருள்) அறிக்கை ‘100 சதவீதம் முடித்தனர்’ என்று காட்டுகிறது. பயிற்சி வெற்றி என்று எழுதலாமா?

பதில்: முடித்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை அளக்க நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. ‘முடித்தார்கள்’ என்பது முதல் படியில்கூட வராது. இரண்டு மாதம் கழித்து மேற்பார்வையாளர்களிடம் போய், பயிற்சிக்குப் பிறகு யார் எதை வேறுமாதிரி செய்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். அவர்கள் யோசிக்க ஆரம்பித்தால் அறிக்கையைத் தள்ளிவையுங்கள்.