சொந்த ஊர் எது என்று கேட்டால்? – மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் ஒரு சமூகவியல்காரியின் பதில்களும்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பிறந்தவள் நான். இப்போது கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். இனம், இடப்பெயர்வு, அடையாளம் என்று இருபது வருடமாக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறேன். "அப்படி என்னதான் ஆராய்ச்சி?" என்று நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சண்டைக்கு வந்த மூன்று பேருக்குத் தனியாக எழுதுகிறேன்.

செம்பூர், கல்லூரி மாணவி: அக்கா, சமூகவியல் எடுக்கப் போறேன்னு சொன்னா, "ஊர்க்கதை கேக்குறதுக்கு ஒரு படிப்பா?"ன்னு பாட்டி சிரிக்கிறாங்க. என்ன பதில் சொல்றது?

பாட்டி சொன்னது சரிதான் என்று சொல். ஊர்க்கதையை ஒழுங்காகக் கேட்பதுதான் எங்கள் வேலை. இடப்பெயர்வு ஆராய்ச்சியில் எல்லோரும் முதலில் படிக்கும் பெரிய நூல் 1918க்கும் 1920க்கும் இடையே ஐந்து தொகுதிகளாக வந்தது. அமெரிக்காவுக்குப் போன போலந்து விவசாயிகளைப் பற்றி தாமஸ், ஸ்னானியெத்ஸ்கி என்ற இருவர் எழுதியது. அதில் பாதி சுவாரசியம் கடிதங்கள்தான். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி தொடங்கும்: கடவுளுக்குத் தோத்திரம், பிறகு வீட்டில் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி வணக்கம். 'வணக்கக் கடிதம்' என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். செய்தி எதுவாக இருந்தாலும் அதற்கு முன் "நான் இன்னும் உங்கள் வீட்டு ஆள்தான்" என்று உறுதி சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் கண்டது.

நம் வீட்டில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கியது நினைவுக்கு வருகிறதா? என் அப்பா ஊருக்கு அனுப்பிய மணியார்டர் கூப்பன்களை எங்கள் ஆச்சி கம்பியில் குத்திவைத்திருந்தாள். அகலம் நாலு விரல்கூட இராது. ஒன்றில் இப்படி இருந்தது: "150 அனுப்பியுள்ளேன். கடைக்காரருக்கு 40 கொடுக்கவும். மாடு கன்று போட்டதா? இங்கு மழை." நலமறிய ஆவலுக்கு அதில் இடம் இல்லை. அந்த இடத்தில் மாடு இருக்கிறது. ஊர் மாட்டின் நினைவு இருக்கும்வரை அவர் ஊர்க்காரர்தான். என் ஆராய்ச்சி அந்தக் கம்பியிலிருந்து தொடங்கியது.

தாராவி, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி: எம்மா, எங்க தாத்தா எப்ப இங்க வந்தாவன்னு வீட்ல யாருக்கும் தெரியல. திருநவேலிக்காரங்க எப்படி இங்க வந்து குமிஞ்சோம்?

அண்ணாச்சி, முதலில் வந்தது தோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் நாற்றமடிக்கும் தொழில்களை நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு ஓரம் என்றால் மாகிம் கழிமுகத்துச் சதுப்பு, பக்கத்தில் கோலிகளின் மீன்பிடிக் குப்பம். தோல் பதனிடத் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே வந்தார்கள். அவர்கள் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்கு 1887 என்று கணக்கு. பிள்ளையார் கோயில் 1913. இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவே வந்து சேர்ந்தவர்கள்தான் நம் தெருக்களின் அடித்தளம். திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்தது, கூலி கட்டவில்லை, ஊரில் செருப்புப் போட்டு நடக்க விடவில்லை. எது முதல் காரணம் என்று நான் கேட்டபோது ஆண்கள் பெரும்பாலும் கூலியைச் சொன்னார்கள். பெண்கள் செருப்பைச் சொன்னார்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கங்காணி கூட்டிக்கொண்டு போனார். பம்பாய்க்குக் கங்காணி கிடையாது. மச்சான் வந்தார், மச்சானுக்குப் பின்னால் சித்தப்பா மகன், அவனுக்குப் பின்னால் அந்தத் தெருவே வந்தது. எங்கள் பாஷையில் இது சங்கிலி இடப்பெயர்வு. அதனால்தான் தாராவியில் ஒரு சந்தில் ஒரே கிராமத்துப் பேச்சு கேட்கிறது.

இன்னொன்று. "தாத்தா எப்ப வந்தார்" என்று கேட்கிறீர்கள், ஆச்சி எப்போது வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக்குள் இடம் மாறியவர்கள் 45 கோடிக்கு மேல். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்ன காரணம் கல்யாணம், சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். பெண்கள்தான் பக்கத்து ஊர்களுக்கு அதிகம் இடம் மாறுகிறார்கள் என்று 1885லேயே ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் இங்கிலாந்துக் கணக்கை வைத்து எழுதிவிட்டார். தாலி கட்டிக்கொண்டு போனதை நாம்தான் பயணமாகவே எண்ணுவதில்லை.

முலுண்ட், மென்பொருள் வேலை: 'தமிழினம்' என்கிறோம். ஆங்கிலத்தில் ரேஸ் என்பதும் இதுவும் ஒன்றா? டிஎன்ஏ எல்லாம் வைத்து நண்பர்கள் வாட்ஸ்அப்பில் வாதாடுகிறார்கள்.

சொல்லில் இருந்து தொடங்குவோம். குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. நிலத்தின் தன்மையால் நீர் மாறுவதுபோல, சேர்ந்திருக்கும் இனத்தால் மனிதனின் அறிவு மாறும் என்கிறது ஒரு குறள். அங்கே இனம் என்றால் கூட்டாளிகள். சேரலாம், விலகலாம். இரத்தம் அந்தச் சொல்லுக்குள் பிறகு ஏறியது.

எப்படி ஏறியது? 1816இல் மதராஸில் அதிகாரியாக இருந்த எல்லிஸும் 1856இல் பாதிரியார் கால்டுவெல்லும் காட்டியது மொழிக் குடும்பத்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஒரு வேர், சமஸ்கிருதம் வேறு வேர் என்பது வலுவான மொழியியல். அதை மூக்கிலும் மண்டை ஓட்டிலும் தேடப் போனபோதுதான் வம்பு வந்தது. 1901 கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு எண்ணாக்கி, சாதி உயர உயர மூக்கு ஒடுங்கும் என்று எழுதினார்.

இதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நம்ம ஊர் என்றால் பம்பாய். 1919இல் பாட்ரிக் கெட்டிஸ் தொடங்கிய பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறைக்கு அடுத்துத் தலைமை ஏற்ற குர்யே, ரிஸ்லியின் அளவுகளையே எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார். வட இந்தியச் சமவெளியில் மட்டும் அது ஓரளவு பொருந்தியது, மற்ற இடங்களில் கலைந்துபோனது. அவருடைய மாணவி இராவதி கார்வே 1920களின் கடைசியில் பெர்லினுக்குப் போனார். அங்கே அவருடைய வழிகாட்டி ஆய்கன் பிஷர், வெள்ளையர் உசத்தி என்று நம்பிய மனிதர். மண்டை ஓடுகளை அளந்து அதை நிரூபிக்கச் சொன்னார். கார்வே அளந்தார். மண்டை ஓட்டின் கோணலுக்கும் இனத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய எந்த மாணவருக்கும் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். (கார்வேயும் பிறகு இந்தியாவில் சாதிவாரியாக உடல் அளந்தார். அந்தக் காலத்துப் பழக்கம் அவரையும் விடவில்லை.)

உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள்: அந்த டிஎன்ஏ வாதத்தில் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

அந்தேரி, பெயர் வேண்டாம்: நான் கறுப்பு. மும்பையில் பிறந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் "சௌத் சைட்ல இப்படித்தான்" என்று இந்தியில் பேசிக்கொண்டார்கள், எனக்கு இந்தி தெரியாது என்று நினைத்து.

தமிழ்க் கல்யாண விளம்பரத்திலும் 'மாநிறம்' என்ற சொல் எவ்வளவு பொய் சுமக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பேர் மாற்றிக்கொண்டது, டியூப் அதே அலமாரியில் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் இந்தியிலேயே டீ வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கி வந்திருப்பேன்.

சயான், ஆட்டோ ஓட்டுநர்: மேடம், நாங்க ஆதிதிராவிடர். மகன் இங்கதான் பொறந்தான், மராத்தி ஸ்கூல்ல படிச்சான். ஜாதி சர்ட்டிபிகேட் கேட்டா "1950க்கு முன்னாடி இங்க இருந்ததுக்கு ப்ரூஃப் கொண்டா"ங்கிறான். எங்கப்பா வந்தது 1962. ரயில் பொட்டில ஏறும்போது ஜாதியை ஊர்லயே எறக்கி வெச்சிட்டு வந்தமா?

உங்கள் கடைசி வரியை என் வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டேன், மன்னிக்கவும்.

அரசியல் சாசனத்தின் 341ஆவது பிரிவு பட்டியல் சாதிகளை 'அந்தந்த மாநிலத்தைப் பொறுத்து' என்று சொல்கிறது. பட்டியல் வந்தது 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில் குடும்பம் எங்கே இருந்ததோ அதுதான் கணக்கு. ஆந்திராவில் பிறந்து, அப்பாவின் வேலைக்காகப் பம்பாய் வந்த பழங்குடி மாணவர் ஒருவர் இங்கே மருத்துவக் கல்லூரி இடம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1990இல் ஐந்து நீதிபதிகள் முடியாது என்றார்கள். இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே பேர் இருந்தாலும்கூட, ஒரு மாநிலத்தில் பட்ட துன்பத்துக்கான சலுகையை இன்னொரு மாநிலத்தில் கேட்க முடியாது என்பது வாதம். 2018இல் வேறு ஐந்து நீதிபதிகளும் அதையே உறுதி செய்தார்கள்.

செய்ய வேண்டியது: தமிழ்நாட்டில் உங்கள் அப்பாவின் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் அவர் பேருக்கோ உங்கள் பேருக்கோ சான்று வாங்குங்கள். மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் அதை வைத்துக் கேட்கலாம். மகாராஷ்டிர அரசின் இடங்களுக்கு அது செல்லாது. அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சட்டத்தின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பேட்டி எடுத்த வீடுகளில், ஊரில் இருந்த ஒதுக்கல் பல நேரம் அடுத்த ரயிலிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே சந்தில் இரண்டு சாதிக்கு இரண்டு குழாய் இருந்ததைச் சிறுபிள்ளையாக நானே பார்த்திருக்கிறேன். ஒதுக்கல் மாநிலம் தாண்டுகிறது, சான்று தாண்டுவதில்லை.

டோம்பிவிலி, ஆசிரியர்: அப்படியானால் சாதியும் ரேஸும் ஒன்று என்கிறீர்களா?

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இதே சண்டைதான். தலித் அமைப்புகள் சாதியையும் சேர்க்கச் சொன்னார்கள், இந்திய அரசு கூடாது என்றது. தஞ்சாவூர் கிராமம் ஒன்றில் தங்கிச் சாதியை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், சாதியை ரேஸ் என்பது அறிவியல்படி அபத்தம் என்று எழுதினார். அம்பேத்கரும் 1936இல் இதைத்தான் சொன்னார்: மதராஸ் பிராமணரும் மதராஸ் பறையரும் ஒரே இனம். ஆனால் அதே அம்பேத்கர் பத்து வருடம் கழித்து, 1946இல், அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் பிரதி வேண்டும், தீண்டத்தகாதவர் நிலைமையும் அதுவேதான் என்று. டூபாய்ஸ் பதில் போட்டார்.

இரத்தம் பற்றிய கேள்வி என்றால் பெத்தேய் பக்கம் நிற்பேன். நடத்தப்படும் விதம் பற்றிய கேள்வி என்றால் அந்தக் கடிதத்தின் பக்கம். டர்பனுக்குப் போனவர்கள் கேட்டது இரண்டாவது கேள்வி. அவர்களுக்கு முதல் கேள்விக்கான பதிலைக் கொடுத்து அனுப்பினார்கள்.

காட்கோபர், குடும்பத்தலைவி: 'மதராசி' என்றால் இன்னும் எரிகிறது எனக்கு.

எரியட்டும். மாட்டுங்காவில் பாலக்காட்டு ஐயர், உடுப்பி ராவ், தாராவி நாடார், ஆந்திரச் செட்டியார் எல்லோரும் அவரவர் ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட யோசித்திருப்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே பேர். 1966இல் சிவசேனை தொடங்கியபோது, அதற்கு முன்னிருந்தே வந்த அவர்களது வாரப் பத்திரிகையில் கம்பெனி அதிகாரிகளின் தென்னிந்தியப் பெயர்கள் பட்டியலாக வந்தன. லுங்கியை விரட்டு என்று கோஷம். லுங்கியே கட்டாத ஐயர்களும் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது திருப்பூரில் என் சொந்தக்காரர் ஒருவர், ஒடியா, பிகாரி, வங்காளி எல்லோரையும் சேர்த்து "இந்திக்காரனுங்க" என்றார். எனக்கு அதுவும் எரிந்தது.

வாஷி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: மகள் நியூ ஜெர்சியில். அங்கே எந்தப் படிவத்திலும் ரேஸ் கேட்கிறார்களாம். நம்மவர்கள் எதைக் குறிக்க வேண்டும்?

இன்றைக்கு 'ஏசியன் இந்தியன்'. அந்தக் கட்டம் 1980இல்தான் வந்தது. 1970 கணக்கெடுப்பில் நம்மவர்களை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1920 முதல் 1940 வரை 'இந்து' என்பதே ஓர் இனமாக இருந்தது. பஞ்சாபி சீக்கியரும் அதில்தான், காயல்பட்டினத்து மரைக்காயர் போயிருந்தால் அவரும் அதில்தான். நடுவே 1923இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர், 'நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன்' என்று குடியுரிமைக்கு வாதாடினார். சாதாரண மனிதன் உங்களை வெள்ளையன் என்று ஏற்க மாட்டான் என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ரிஸ்லியின் மூக்குக் கணக்கு அந்த வாசலில் உதவவில்லை.

தாராவி, 19 வயது: அக்கா, எனக்கு தமிழ் பேச வரும், எழுத வராது. மராத்தி ஃப்ரெண்ட்ஸ் "அண்ணா"ன்னு கிண்டல் பண்றானுங்க, ஊருக்குப் போனா "பம்பாய்க்காரன்"ங்கிறானுங்க. நான் யாருன்னு சொல்லு.

தம்பி, இதை நீ ஆங்கில எழுத்தில் தமிழாக அனுப்பியிருந்தாய். நடுவே இரண்டு மராத்திச் சொல், ஓர் இந்தி வசவு. வசவை நீக்கிவிட்டுப் போட்டிருக்கிறேன்.

ஜமைக்காவில் பிறந்து 1951இல் இங்கிலாந்து போன சமூகவியலாளர் ஸ்டுவர்ட் ஹால், வாழ்நாள் முழுக்க இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். அடையாளம் என்பது எங்கிருந்து வந்தோம் என்பதில் முடிந்துவிடுவதில்லை, இன்னும் ஆகிக்கொண்டிருப்பது என்றார். அது உனக்கு இப்போதைக்குப் போதாது, தெரியும். அதனால் ஒரு வேலை தருகிறேன்.

ஞாயிறு சாயங்காலம் உன் ஆச்சி தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு போ. போனை ரெக்கார்டில் போட்டுத் தரையில் வை, கையில் பிடிக்காதே. 'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டுவிடாதே, ஒன்றும் வராது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாள், கூட யார் வந்தார்கள், மூட்டையில் என்ன இருந்தது, முதல் ராத்திரி எங்கே படுத்தாள் என்று கேள். நடுவில் டிவியை யாராவது போட்டால் அணைக்கச் சொல். அந்த ரெக்கார்டிங்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, எழுதச் சொல்லித் தருகிறேன்.